தொட விடாத பூனைக்குப் பூச்சி மருந்து கொடுப்பது எப்படி

எங்கள் குடியிருப்பின் மோட்டார் அறைப் பக்கம் ஐந்து பூனைகள் இருக்கின்றன. எதுவும் கைக்கு வராது. ஒருநாள் கருப்பி படுத்து எழுந்த சாக்கில் சோற்றுப் பருக்கை மாதிரி ஒன்று கிடந்தது. தட்டிவிடப் போனேன், நெளிந்தது. நாடாப்புழுவின் துண்டு அது. காய்ந்துவிட்டால் எள் மாதிரி சிறுத்து, வாலடி முடியில் ஒட்டியிருக்கும்.

உருளைப்புழு வேறு மாதிரி. குட்டிக்கு முதுகெலும்பு துருத்திக்கொண்டு வயிறு மட்டும் உப்பியிருக்கும். சில சமயம் வாந்தியில் இடியாப்ப இழை போல வந்து விழும். கொக்கிப்புழு கண்ணில் படாது. அது ரத்தத்தை உறிஞ்சுவதால் ஈறு வெளுக்கும். தொட முடியாத பூனையின் ஈறை எப்படிப் பார்ப்பது? கொட்டாவி விடும்போது பாருங்கள். வெளுத்திருந்தால், அதுவும் குட்டியாக இருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கடையில் பொதுவாகப் 'பூச்சி மருந்து' என்று கேட்டு வாங்காதீர்கள். பைரன்டெல் உருளைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் கொல்லும், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். இரண்டும் சேர்ந்த பூனை மாத்திரை கிடைக்கிறது. அளவு எடையைப் பொறுத்தது. பூனைகளைப் படம் எடுத்துப்போய் கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிதான் கஷ்டமான வேலை. முதல் முறை ஒரே தட்டில் கலந்து வைத்தேன். பெரிய கடுவன் முக்கால்வாசியைத் தின்று வாந்தி எடுத்தது, குட்டிக்கு ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை. அதிலிருந்து பூனைக்கு ஒரு கிண்ணம், பத்தடி இடைவெளி. மருந்து நாளுக்கு முன்பே ஒரு வாரம் அதே இடத்தில் அதே கிண்ணத்தில் சாப்பாடு வைத்துப் பழக்குகிறேன். அன்று காலைச் சாப்பாடு கிடையாது. மாலையில் வேகவைத்து முள் எடுத்த மத்தி மீன், நெல்லிக்காய் அளவுக்கு மட்டும், அதற்குள் மாத்திரைத் துண்டு. பொடிக்காதீர்கள், பிராசிகுவான்டெல் கடுங்கசப்பு, நாக்கில் பட்டால் நுரை தள்ளிக்கொண்டு ஓடிவிடும், அந்தக் கிண்ணத்தை அப்புறம் நம்பாது. உருண்டை உள்ளே போனதைக் கண்ணால் பார்த்த பிறகே மீதிச் சோறு. குட்டிகளுக்குப் பைரன்டெல் திரவம்தான் எளிது. தாய்ப்பாலிலேயே உருளைப்புழு இறங்கிவிடுவதால் மூன்று வார வயதில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். தாய்க்கும் கூடவே கொடுங்கள்.

பெரிய பூனைகளுக்கும் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. உடம்புக்குள் அலையும் இளம்புழு முதல் மருந்தில் சாகாது, பிறகுதான் குடலுக்கு வரும்.

நாடாப்புழு திரும்பத் திரும்ப வந்தால் தெள்ளுப்பூச்சியைப் பாருங்கள். உடம்பை நக்கும்போது பூனை அதை விழுங்குகிறது, புழு அதற்குள் இருக்கிறது. சாக்கை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசுகிறேன். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் வலிப்பு வந்து செத்துப்போகும், தயவுசெய்து வேண்டாம். மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். உருளைப்புழு முட்டை மண்ணில் சில வாரம் கிடந்த பிறகே தொற்றும். அங்கே குழந்தைகளும் விளையாடுகிறார்கள்.

கருத்தடைக்குக் கூண்டில் பிடித்துப்போகும் நாளை விட்டுவிடாதீர்கள். பூனை மயக்கத்தில் இருக்கும்போதே சரியான எடையைக் குறித்து, ஈறைப் பார்த்து, பிடரியில் விடும் சொட்டு மருந்தையும் போட்டுவிடச் சொல்லி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கருப்பி 2 கிலோ 600 கிராம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.