பாட்டு கத்துக்கிட்டவங்க கதை எழுத உக்காந்தா

கொஞ்ச வருஷம் பாட்டோ மிருதங்கமோ கத்துக்கிட்டவங்க கதை எழுத ஆரம்பிச்சா மொதல்ல பண்ற தப்பு, ஹீரோவ பாடகரா ஆக்கி ராகம் பேரா அள்ளி விடுறது. நானும் பண்ணிருக்கேன். அது வேணாம்ங்க, உங்க கையில இருக்கிற சரக்கே வேற.

சங்கதிய எடுத்துக்கோங்க. ஒரே வரிய நாலு தடவ பாடுறோம், சாகித்யம், அதாவது பாட்டோட வார்த்தைங்க, மாறல, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு எடத்துல சின்னதா ஒரு வளைவு ஏறுது, கேக்குறவங்களுக்கு போரே அடிக்கல. கதையில இத பண்ணிப் பாருங்க. ஒரு அப்பா, தெனமும் ராத்திரி கதவ சாத்திட்டு தாழ்ப்பாள ஒரு தடவ இழுத்துப் பாப்பாரு. மொத தடவ சும்மா அப்படியே சொல்லிட்டுப் போயிடுங்க. பொண்ணு சண்ட போட்டுட்டு கெளம்பின அன்னிக்கு ரெண்டு தடவ இழுக்குறாரு. கடைசியில கதவ சாத்துறாரு, தாழ்ப்பாளே போடல. அவர் ஏங்கினாருன்னு தனியா எழுதணுமா என்ன? ஆனா மொத சங்கதியிலயே பிருகாவ, அதான் அந்த வேகமா உருட்டுற ஸ்வரங்கள, கொட்டிடாதீங்க, அப்புறம் ஏறுறதுக்கு எடம் இருக்காது.

அடுத்தது எடுப்பு, அதாவது தாளத்துல பாட்டு ஆரம்பிக்கிற எடம். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை, அதுக்காக எல்லா பாட்டும் சமத்துலயா, அதான் தாளத்தோட மொத அடியிலயா, ஆரம்பிக்குது? தள்ளி எடுக்கிறது எவ்ளோ இருக்கு. சீனும் அப்படித்தான், பெல் அடிச்சு கதவு தொறந்து நலம் விசாரிச்சு எல்லாம் வேணாம், "நான் கையெழுத்து போட மாட்டேன்"ல ஆரம்பிங்க.

கார்வைதான் கஷ்டம், அதாவது தாளத்துக்குள்ள விடுற இடைவெளி. அங்க சத்தம் இல்லன்னாலும் கணக்கு உள்ள ஓடிட்டே இருக்கும்ல, அந்த மாதிரி மௌனத்துக்கும் ஒரு அளவு வேணும். "அவன் மௌனமாக இருந்தான்"னு எழுதினா அளவே தெரியாது. "கல்யாணத்துக்கு வருவியா?"ன்னு அக்கா கேக்குறா, தம்பி காஞ்ச துணிய மடிக்கிறான், ரெண்டு சட்ட மடிச்சு மூணாவதுக்கு பட்டன் போட்டு முடிச்சப்புறம்தான் வாயத் தொறக்குறான். இப்போ எண்ணிக்கை படிக்கிறவங்க கையில. 2017ல நோபல் வாங்கின கஸுவோ இஷிகுரோ நாவலுக்கு வர்றதுக்கு முன்னாடி பாட்டு எழுதிட்டு இருந்தவருதான், சொல்லாம விடுறது அவருக்கு அங்கேர்ந்து வந்த பழக்கம்.

அப்புறம் எழுதினத கண்டிப்பா சத்தமா படிங்க, தொடையில தாளம் போட்டுக்கிட்டே படிச்சாலும் சரி. எல்லா வாக்கியமும் ஒரே நீளத்துல விழுந்தா காது தூங்கிடும். ஆனா காதுக்கு சுகமா இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக ஒரு வரிய வச்சுக்காதீங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச வரிகள்ல பாதி அப்படித்தான் வெட்டுப்பட்டுச்சு.