காய்ச்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம்: வீட்டு மூத்தோரை வைரஸ் தொற்றும்போது

எழுபதைத் தாண்டியவருக்குச் சளிக்காய்ச்சல் (ஃப்ளூ) வைரஸ் தொற்றினால் தெர்மாமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது. கடுமையான தொற்று கண்ட மூத்தோரில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்குக் காய்ச்சல் லேசாகத்தான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சோற்றை ஒதுக்குவது, கழிவறைக்குப் போகும்போது தள்ளாடுவது, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று கிழமையை மாற்றிச் சொல்வது ஆகியவை முதல் அடையாளமாக இருக்கலாம். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடும் அந்த இரண்டு நாளில்தான் மருந்து நன்றாக வேலை செய்யும்.

காரணம் செல்லுக்குள் இருக்கிறது. வைரஸ் நுழைந்ததும் ரிக்-ஐ போன்ற உணரிப் புரதங்கள் அதன் ஆர்என்ஏவை அடையாளம் கண்டு, இன்டர்ஃபெரானைச் சுரக்கச் செய்கின்றன. அக்கம்பக்கத்துச் செல்களைக் கதவடைக்கச் சொல்வது அதுதான். வயதானோரின் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களில் இந்தச் செய்தியைக் கடத்தும் டிராஃப்3 என்ற புரதம் கூடுதலாகச் சிதைக்கப்படுவதால் இன்டர்ஃபெரான் குறைந்துபோகிறது. ஆனால் அதே செல்கள் ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரப்பதில் குறை வைப்பதில்லை. போதாததற்கு, வயதான உடலில் எப்போதுமே ஓர் அழற்சி மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். 2000ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ பிரான்செஸ்கி இதற்கு 'இன்ஃப்ளமேஜிங்' என்று பெயர் வைத்தார். கிருமியைத் தேடிப் போகும் வெள்ளணுக்களான நியூட்ரோபில்கள் தொற்றிய இடத்துக்கு நேராகப் போகாமல் அலைந்து, போகும் வழியிலுள்ள திசுவையும் சேதப்படுத்துகின்றன. தொற்றிய செல்லைக் கொல்லும் என்கே செல்களோ எண்ணிக்கையில் கூடினாலும் ஒவ்வொன்றின் கொல்லும் திறன் குறைகிறது.

அபாய மணியான இன்டர்ஃபெரான் தாமதமாக அடிக்கிறது, கூடிய கூட்டமான அழற்சியோ கலைய மறுக்கிறது. ஆகவே "எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது" என்பது பாதி உண்மைதான். அதைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் டப்பாக்கள் எந்தப் பாதியைக் கூட்டுகின்றன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நலமாக இருக்கும்போதே அளந்து வையுங்கள்

அம்மாவோ தாத்தாவோ நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில், காலையும் மாலையும் நாக்கினடியில் வெப்பநிலை எடுத்துக் குறித்து வையுங்கள். கோப்பி குடித்திருந்தால் 20 நிமிடம் கழித்து எடுக்க வேண்டும். காது தெர்மாமீட்டர் என்றால் எப்போதும் ஒரே காதில் வையுங்கள். காதுக்குரும்பி அளவைக் குறைத்துக் காட்டும், செவிக்கருவி கூட்டிக் காட்டும். கருவியைக் கழற்றி 20 நிமிடம் பொறுங்கள். ஏர்கான் அறையில் நெற்றியில் எடுக்கும் அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

முதியோருக்கு ஒரே முறை 37.8 பாகைக்கு மேல் போனாலோ, திரும்பத் திரும்ப 37.2ஐத் தாண்டினாலோ, வழக்கத்தைவிட 1.1 பாகைக்கு மேல் ஏறினாலோ காய்ச்சல்தான். வழக்கமாக 36 இருப்பவருக்கு 37.2 வந்தால் அது சாதாரணமில்லை. பெனடோல் (பாராசிட்டமால்) கொடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறிவிடும்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் விழுக்காட்டை அளக்கும் ஆக்சிமீட்டரில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே 95 என்று கண்டதும் நிம்மதியடையாமல், நலமாக இருந்தபோது எடுத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலைத் தேய்த்துச் சூடாக்கி, 5 நிமிடம் உட்காரவைத்து, எண் நிலைத்த பிறகு குறியுங்கள். மூச்சை அவருக்குத் தெரியாமல் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், தெரிந்தால் மாற்றி விடுவார். 22ஐத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்குவது, புதிதாகக் குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம் என்றால் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள்.

முதல் 48 மணி நேரம்

சந்தேகம் வந்த அன்றே கொவிட் பரிசோதனை செய்துவிட்டுக் கிளினிக்கிற்கோ பலதுறை மருந்தகத்திற்கோ கூட்டிப் போங்கள். சளிக்காய்ச்சலுக்கான ஓசெல்டமிவிர், அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகப் பலன் தரும். கொவிட்டுக்கான பாக்ஸ்லோவிட்டை 5 நாளுக்குள் தொடங்க வேண்டும். அது கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டேட்டினோடு ஒத்துவராது. சிறுநீரகம் பலவீனமானவருக்கு இரண்டு மருந்தின் அளவையும் குறைக்க நேரலாம். அதனால் மருந்துப் பையை அப்படியே எடுத்துச் செல்லுங்கள், பெயர்களை நினைவில் வைத்துச் சொல்வது போதாது.

டெங்கியும் இங்கே ஆண்டு முழுதும் உண்டு. இரத்தப் பரிசோதனையில் டெங்கி இல்லை என்று தெரியும்வரை இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள், இரத்தக் கசிவு வரலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான கட்டம்.

தடுப்பூசி

மந்தமான எதிர்ப்பைத் தட்டியெழுப்பத்தான் மூத்தோருக்கென்று தனி வகைகள் வந்தன. அதிக அளவுச் சளிக்காய்ச்சல் ஊசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 60 மைக்ரோகிராம் இருக்கும், சாதாரண ஊசியில் 15. உங்கள் கிளினிக்கில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். அக்கி அம்மைக்கான ஷிங்ரிக்ஸில், ஊசி போட்ட இடத்திலேயே உடலின் முதல்கட்ட, இயல்பு எதிர்ப்பை உசுப்பும் துணைப்பொருள் சேர்ந்திருக்கிறது. 70 வயதுக்கு மேற்பட்டோரையும் அது ஏறக்குறைய 90 விழுக்காடு காத்தது. இரண்டு ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளி. கைவலியும் சோர்வும் ஓரிரு நாள் இருக்கும். அதற்குப் பயந்து இரண்டாவதை விட்டுவிடுபவர்கள் உண்டு.

சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை. சளிக்காய்ச்சல் ஆண்டு நடுவிலும் ஆண்டிறுதியிலும் கூடும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாகும், ஊருக்குப் போவதாக இருந்தால் அதற்கேற்ப முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

சளிக்காய்ச்சல் உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு அபாயம் மற்ற நாள்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு. அந்த வாரத்தில் நெஞ்சில் அழுத்தம், தாடை வலி, திடீர் வியர்வை என்றால், சளிதான் கட்டியிருக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல் உடனே 995ஐ அழையுங்கள்.