பம்ப் பொடியாகிப் போன லாரிக்கு கம்பெனியிடம் நியாயம் கேட்பது எப்படி

நாக்பூரில் 24 டன் சோயா புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு நாமக்கல் கோழித்தீவன மில்லுக்கு வந்துகொண்டிருந்தேன். தர்மபுரி தாண்டியதும் வண்டியில் இழுவை குறைந்தது. இன்ஜின் விளக்கு எரிந்தது. தொப்பூர் இறக்கத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது இன்ஜின் நின்றது, மறுபடி பிடிக்கவே இல்லை. சமதளம் என்பதால் ஓரம் கட்ட முடிந்தது. இறக்கத்தில் கியர் மாற்றும் நேரத்தில் நின்றிருந்தால் ஸ்டியரிங் கல்லாகியிருக்கும், பிரேக்குக்கு ஏர் ஏறியிருக்காது. அந்த இடத்தில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்பது அந்த ரோட்டில் ஓடும் எல்லோருக்கும் தெரியும்.

ஹை பிரஷர் டீசல் பம்ப் உள்ளுக்குள்ளேயே அரைபட்டுவிட்டது. அதன் பொடி, அழுத்தமான டீசலைப் பிரித்துக் கொடுக்கும் 'ரயில்' என்ற குழாய், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க் வரை போய்விட்டது. எஸ்டிமேட் 4 லட்சத்து 86 ஆயிரம். வண்டிக்கு மாதம் 78 ஆயிரம் டியூ. என்னிடம் இருப்பது இந்த ஒரு பன்னிரண்டு சக்கர வண்டிதான், ஓட்டுவதும் நான்தான். கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. பி.எஸ்.6 (புதிய புகை விதி) வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இது வரலாம் என்பதால், நான் செய்ததைச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். வண்டி சர்வீஸ் சென்டருக்குள் போய், ஃபில்டரைக் கழற்றி, டேங்க்கைக் கழுவிவிட்டால் உங்கள் கையில் எதுவும் இருக்காது. என் சித்தப்பா வண்டியில் முன்பு அப்படித்தான் ஆனது. "டீசல் சரியில்லீங்கண்ணா, தண்ணி கலந்திருக்குது" என்றார்கள். இல்லை என்று காட்ட அவரிடம் ஒரு சொட்டு டீசல்கூட மிச்சமில்லை. மூன்றரை லட்சம் கட்டித்தான் வண்டியை எடுத்தார்.

அதனால் நான் ரோட்டோரத்திலேயே வேலையை ஆரம்பித்தேன். டேங்க்கிலிருந்து மூன்று கண்ணாடி பாட்டில்களில் டீசல் எடுத்தேன். பாட்டில் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் கழுவி அப்படியே பிடித்தால், அந்த ஈரத்தையே கலப்படம் என்பார்கள். மூடிமேல் துணி கட்டி, அரக்கு இல்லாததால் டேப் சுற்றி, தேதி, நேரம், வண்டி நம்பர், கிலோமீட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உதவிக்கு வந்த ரிக்கவரி வண்டிக்காரரும் போட்டார். எல்லாவற்றையும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்தோம்.

அப்புறம் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருந்ததை எவர்சில்வர் தட்டில் ஊற்றினேன். வெயிலில் தட்டை மெதுவாகச் சாய்த்துப் பார்த்தால், டீசலுக்கு அடியில் ஜரிகைப் பொடி மாதிரி மின்னிக்கொண்டே நகர்ந்தது. விரலால் தேய்த்தால் நெறுநெறுவென்று இல்லை, மாவு மாதிரி வழுக்கியது. ஸ்பீக்கர் காந்தத்தைத் தட்டுக்கு அடியில் பிடித்ததும் அந்தப் பொடி காந்தத்தின் பின்னாலேயே ஓடியது. மண்ணோ தூசியோ அப்படி ஓடாது, இரும்புதான் ஓடும். தண்ணீர் கலந்திருந்தால் தட்டில் தனியாக முட்டை முட்டையாக நிற்கும், அது ஒன்றுகூட இல்லை. அந்தப் பொடியையும் வடிகட்டி ஒரு டப்பாவில் போட்டு சீல் வைத்தேன். இன்றைக்கும் என் வழக்கில் பெரிய சாட்சி அதுதான்.

டீசல் அடித்த பில்களைத் தேடி எடுங்கள், கடைசி நான்கைந்தாவது வேண்டும். அந்த பங்க்குகளுக்கு உடனே போன் செய்து, டேங்கர் இறக்கும்போது எடுத்து வைத்த சாம்பிள் இருக்கிறதா, அன்றைய டென்சிட்டி எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்க்கில் ஊற்றும் யூரியாவின் பில்லும் வேண்டும். டீசல் டேங்க்கில் யூரியாவை மாற்றி ஊற்றிவிட்டீர்கள் என்பது அவர்கள் சொல்லும் இரண்டாவது காரணம்.

சரி, இப்போது வண்டியை சர்வீஸ் சென்டரில் விடலாம். ஜாப் கார்டில் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் எழுத விடாதீர்கள். ஓடும்போதே இன்ஜின் நின்றது, எந்த ரோட்டில், எவ்வளவு லோடில் என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஸ்கேனர் போட்டதும் பிரின்ட் கேளுங்கள். என் வண்டியில் பி0087 என்ற பழுதுக் குறியீடு வந்தது, ரயிலில் அழுத்தம் குறைவு என்று அர்த்தம். குறியீட்டை அழித்துவிட்டுத்தான் வேலை ஆரம்பிப்பார்கள், அதற்கு முன்னாலேயே பிரின்ட் கையில் இருக்க வேண்டும். பம்ப்பைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பம்ப்பின் நம்பர் தகட்டைப் படம் எடுங்கள். வாரன்டியில் மாற்றினால் பழைய பாகம் கம்பெனிக்குச் சொந்தம் என்பார்கள். காசு கொடுத்து மாற்றினால் அதை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாயால் பேசுவது எதுவும் நிற்காது. மேனேஜர் நல்ல மனிதராகவே இருப்பார், டீ வாங்கிக் கொடுப்பார், "மேல பேசிட்டிருக்கோம்ங்க" என்பார். மாதம் ஓடிவிடும். அன்றைக்கே டீலருக்கும் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் ஈமெயில், கூடவே ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட் அனுப்பிவிடுங்கள். நான் எழுதியது இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"மேற்படி வண்டியின் உயர் அழுத்த டீசல் பம்ப் இன்ன தேதியில், இத்தனை கிலோமீட்டரில், லோடுடன் ஓடிக்கொண்டிருக்கும்போது பழுதாகி வண்டி நின்றது. பழுதுக்கான காரணத்தை எழுத்தில் தரவும். டீசல்தான் காரணம் என்றால், எந்த மாதிரியை, யார் முன்னிலையில் எடுத்து, எந்த ஆய்வகத்தில், என்ன சோதனை செய்தீர்கள் என்ற அறிக்கையைத் தரவும். கழற்றிய பம்ப், இன்ஜெக்டர்கள், ஃபில்டர் ஆகியவற்றை என் முன்னிலையில் சீல் வைத்து, இந்தத் தகராறு தீரும்வரை அழிக்காமல் வைக்கவும். வண்டியின் கணினியில் பதிவாகியுள்ள தகவல்களின் நகலையும் தரவும்."

இந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் அவர்கள் பேச்சு மாறியது. டீசல் சோதனை அறிக்கை எதுவும் அவர்களிடம் இல்லை. பார்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

டீசலைப் பற்றி நீங்களும் கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 டீசல்தான். பி.எஸ்.4-ல் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வரை இருந்த கந்தகம் இதில் 10 பங்குதான். கந்தகத்தை எடுக்கும் அந்தச் சுத்திகரிப்பிலேயே டீசலின் இயற்கையான வழுவழுப்பும் போய்விடும், அதனால் மருந்து கலந்து அதைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். இந்த பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, ஓடும் டீசல்தான் அதற்கு ஆயில். ரயிலில் அழுத்தம் 1,600 பார், 2,000 பார் என்று போகும்போது, உள்ளே உரசும் இரும்புக்கு நடுவில் இருப்பது அந்த மெல்லிய டீசல் படலம் மட்டும்தான். டீசலின் வழுவழுப்புக்கு அளவுகோல் உண்டு: சோதனையில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. உங்கள் சாம்பிளில் ஒன்றை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்குக் கொடுத்து இந்தச் சோதனையும் தண்ணீர் அளவும் மட்டும் பார்த்தால் போதும். என் டீசல் இரண்டிலும் தேறியது. பங்க்கில் சட்டப்படி விற்கும் டீசலில் ஓட முடியாத பம்ப்பை இந்த நாட்டில் விற்றது யார் தவறு என்று அதற்குப் பிறகு நிமிர்ந்து கேட்க முடிந்தது.

அமெரிக்காவில் பிக்கப் லாரிக்காரர்கள் கேட்ட கேள்வியும் இதுதான். போஷ் சி.பி.4 என்ற பம்ப் அங்கே இதே மாதிரி உள்ளே அரைபட்டு, பொடி லைன் முழுக்கப் போனது. 2021-ல் ராம் என்ற கம்பெனியின் லாரிகள் 2 லட்சத்துக்கும் மேல் ரீகால் ஆயின, அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே திரும்ப அழைத்தது. டியூராமேக்ஸ் இன்ஜின் வண்டிகளுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் மேல் உரிமையாளர்கள் சேர்ந்து போட்ட வழக்கு, 2024-ல் 5 கோடி டாலர் சமரசத்துக்கு வந்தது. தனித்தனியாகக் கேட்டபோது டீசல் மேல் பழி விழுந்தது, கூட்டமாகப் போனபோதுதான் பம்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தது.

அதனால் கூட்டம் சேருங்கள். நான் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தேன். சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், கரூர் என்று 14 பேர் சேர்ந்தார்கள். புலம்புவதற்கு என்று குரூப்பை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே தகவலைக் கேட்டு வாங்குங்கள்: வண்டி தயாரான மாதம், பம்ப் தகட்டு நம்பர், பழுதான கிலோமீட்டர், ஸ்கேனரில் வந்த குறியீடு, கடைசியாக டீசல் அடித்த ஊர், கம்பெனி சொன்ன காரணம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினோம். ஒன்பது பேரின் பம்ப் நம்பர் ஒரே வரிசையில் வந்தது. டீசல் அடித்தது குஜராத், ஆந்திரா, மகாராஷ்டிரா என்று வேறு வேறு பங்க். ஒன்பது பங்க்கிலும் கலப்படம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நோட்டின் நகலை அடுத்த கடிதத்தோடு வைத்தோம்.

ஓடும்போது இன்ஜின் நிற்பது உயிர் விஷயம், வெறும் செலவுக் கணக்கு இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 110ஏ என்று ஒரு பிரிவு வந்தது. ஓட்டுநருக்கோ ரோட்டில் போகிறவர்களுக்கோ ஆபத்தான குறை என்றால், வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிட மத்திய அரசுக்கு அதில் அதிகாரம் உண்டு. இதற்கான புகாரை அரசின் 'வாகன்' இணையதளத்தில் உள்ள ரீகால் பகுதியில், வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரும் கொடுத்துப் பதியலாம். ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டியாக இருக்க வேண்டும். விற்ற வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இத்தனை புகார் என்று கணக்கு இருப்பதால், ஒருவர் பதிந்தால் போதாது. எங்கள் 14 பேரையும் உட்கார வைத்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதிய வைத்தேன். எத்தனை வண்டி வைத்திருந்தாலும் இந்த வழி திறந்திருக்கிறது.

இழந்த பணத்துக்கு நுகர்வோர் ஆணையம். 1915-க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவது முதல் படி. அவர்கள் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் புகார் எண் பிறகு உதவும்.

ஆணையத்தில் கம்பெனி வக்கீல் முதலில் சொல்வது, "இது வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி, இவர் நுகர்வோரே இல்லை" என்பது. பயந்துவிடாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியது வணிக நோக்கத்தில் வராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன உதாரணங்களில் லாரியும் ஒன்று: பிழைப்புக்காகத் தானே ஓட்ட லாரி வாங்குபவர் நுகர்வோர். அதனால் லைசென்ஸ், ஒரே வண்டி என்பதைக் காட்டும் ஆர்.சி., ட்ரிப் ஷீட், டியூ ரசீது எல்லாவற்றையும் மனுவோடு சேர்த்துவிடுங்கள். என் மச்சானுக்கு எட்டு வண்டி. அவருக்கு இந்த வழி கஷ்டம், வணிக நீதிமன்றம்தான் போக வேண்டும்.

வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை கட்டணம் 1,000 ரூபாய்தான். கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 2025 ஜனவரியில் வந்த இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்பதை நம்பி இந்தக் கெடுவை விட்டவர் எங்கள் குரூப்பிலேயே இருவர். பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடமே 38-வது பிரிவில் மனுக் கொடுங்கள். சீல் வைத்த பாட்டிலும் டப்பாவும் அங்கேதான் வேலை செய்யும். பல பேருக்கு ஒரே குறை என்றால் 35-வது பிரிவில் அனுமதி வாங்கி ஒரே மனுவாகவும் போடலாம்.

மனு எண் விழுந்த மூன்றாவது வாரம் எனக்கு போன் வந்தது. பம்ப், இன்ஜெக்டர், ரயில் எல்லாம் "குட்வில்" முறையில் இலவசம், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போனேன். இரண்டு பக்கக் கடிதம், இரண்டாம் பக்கத்தின் அடியில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, எல்லாப் புகார்களையும் திரும்பப் பெறுகிறேன்" என்று ஒரு வரி. வண்டி நின்ற 41 நாள் டியூவும், ஏற்றிய சோயாவை வேறு வண்டியில் மாற்றிய கூலியும், ரீகால் புகாரும் அந்த ஒரு வரியில் போய்விடும். வரியை அடித்துவிட்டு, "உதிரி பாகங்களுக்கு மட்டும் பெற்றுக்கொண்டேன், மற்ற கோரிக்கைகள் தொடரும்" என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒப்புக்கொண்டார்கள்.