டிசைன் பேட்டர்ன் படிக்க உங்கள் பழைய கோட் ஃபைலைத் திறந்து பாருங்கள்

தானாகவே புரோகிராமிங் கற்றவர்கள் பலர், டிசைன் பேட்டர்ன் (கோட் எழுதும்போது அடிக்கடி வரும் சிக்கல்களுக்கான தீர்வு முறை) என்றதும் 1994-இல் நான்கு பேர் ஒரு புத்தகமாகத் தொகுத்த 23 பேட்டர்ன்களையும் வரிசையாக மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே எழுதிய கோடில் எந்த இடம் உறுத்துகிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

டெலிவரி கட்டணம் கணக்கிடும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்று வையுங்கள். சாதாரண தபால், கூரியர், அதே நாள் டெலிவரி என்று இஃப்-எல்ஸ் நீண்டுகொண்டே போகிறது. புதிதாக ஒரு வகை வந்தால் மறுபடி அதே ஃபங்ஷனில்தான் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு கணக்கையும் தனி ஃபங்ஷனாகப் பிரித்து, தேவையானதை வெளியிலிருந்து கொடுத்துப் பாருங்கள். அதுதான் ஸ்ட்ராட்டஜி என்ற பேட்டர்ன். பைத்தானில் லிஸ்டை வரிசைப்படுத்தும்போது 'கீ' கொடுக்கிறோமே, ஜாவாவில் கம்பேரேட்டர் கொடுக்கிறோமே, அதுவும் இதே யோசனைதான். ஜாவாஸ்கிரிப்டில் பட்டனுக்கு ஈவென்ட் லிசனர் சேர்த்திருந்தால், ஏதாவது நடந்ததும் அதற்குக் காத்திருப்பவற்றுக்குத் தகவல் சொல்லும் அப்சர்வர் பேட்டர்னையும் தொட்டுவிட்டீர்கள்!

மாற்றும் முன் ஒரு டெஸ்ட் எழுதி, கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) கமிட் போட்டுவிடுங்கள். மாற்றிய பின், எது மாறியது என்று காட்டும் டிஃப்பைப் பாருங்கள். கோட் நீண்டு, படிக்கவும் சிரமமாகிவிட்டதா? அங்கே பேட்டர்ன் தேவையில்லை, தயங்காமல் ரிவர்ட் செய்யுங்கள். இரண்டே கிளை உள்ள இஃப்-ஐ அப்படியே விடுவதுதான் நல்லது.

ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் என்று வைக்கும் சிங்கிள்டன் பேட்டர்னை மட்டும் கடைசிக்கு வையுங்கள். படிக்க எளிது என்று பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் குளோபல் வேரியபிள் மாதிரி எங்கிருந்து வேண்டுமானாலும் மாறும், டெஸ்ட் எழுதும்போது உயிரை வாங்கும்.