முகாம் பயணத்துக்கு டூரிங் கயாக்: முதலில் மூட்டையைக் கட்டுங்கள், பிறகு கடைக்குப் போங்கள்

ஒன்டாரியோ ஏரிகளில் வாடகைக் கனோவில் சுற்றிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஆசை வரும்: சொந்தமாக ஒரு கயாக் வாங்கி, ஏதாவது ஒரு தீவில் இரண்டு மூன்று இரவு கூடாரம் போட்டுத் தங்கினால் என்ன? உடனே கேட்கும் கேள்வி, "எத்தனை அடி படகு வாங்கணும்?" என்பதுதான். அந்தக் கேள்வியை நாலாவது இடத்துக்குத் தள்ளி வையுங்கள். நீங்களும் உங்கள் மூட்டையும் சேர்ந்து எத்தனை கிலோ என்று தெரியாமல் நீளத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இங்கே நான் சொல்வது, உள்ளே காலை நீட்டி உட்காரும் வகை டூரிங் கயாக் பற்றி மட்டும். மேலே உட்காரும் வகை, மீன்பிடி கயாக் இரண்டும் வேறு கதை. துடுப்பை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். என் மனதில் இருப்பது ஹூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடா: மசசாகா மாகாணப் பூங்கா, கில்லார்னி பக்கம் பிலிப் எட்வர்ட் தீவு. உங்கள் தண்ணீர் வேறு என்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: கணக்குப் போடுங்கள்

குளியலறை எடை மெஷினில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். 62 கிலோ ஆள் ஒருவர், மூன்று நாள் பயணம் என்று வைத்துக்கொள்வோம். உடுப்பு, காலணி, லைஃப் ஜாக்கெட் 4 கிலோ. கூடாரம் 2, தூங்கும் பையும் மெத்தையும் 2, அடுப்பும் பாத்திரமும் ஒன்றரை, சாப்பாடு இரண்டரை, மாற்றுத்துணி இரண்டரை, பம்ப், கயிறு, உதிரித் துடுப்பு எல்லாம் சேர்த்து 3, முதலுதவிப் பெட்டி முதலான சில்லறைகள் 2, தண்ணீர் 4. மொத்தம் 86 கிலோ பக்கம் வருகிறது.

ஜார்ஜியன் விரிகுடா நன்னீர் என்பதால் வடிகட்டிக் குடித்துக்கொள்ளலாம், 4 லிட்டரோடு கிளம்பினால் போதும். கடலில் போகிறவர்கள் ஒரு நாளைக்கே ஆளுக்கு 4 லிட்டர் என்று கணக்கு வைக்க வேண்டும். மூன்று நாளைக்கு இன்னும் 8 கிலோ ஏறும்.

இப்போது படகின் விவரத்தாளில் இருக்கும் அதிகபட்ச எடையைப் பாருங்கள். 136 கிலோ என்று போட்டிருந்தால் அது மூழ்காமல் மிதக்கும் எல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒழுங்காக ஓடும் எல்லை என்று அல்ல. நான் அதில் 70 சதவீதத்தைத்தான் பிடிப்பேன். 136-க்கு 95 கிலோ. நம் 86 கிலோ ஆளுக்கு அது கச்சிதம்.

எதிர்ப்பக்கப் பிரச்சினையை யாரும் சொல்வதில்லை. பெரிய படகு எடுத்தால் பாதுகாப்பு என்று 160 கிலோ தாங்கும் படகை வாங்கினால், 86 கிலோவில் அது தண்ணீரில் சரியாக உட்காராது. மேலே எழும்பி நிற்கும். மூட்டை இல்லாமல் ஒரு நாள் சுற்றப் போனால் இன்னும் மோசம், காற்று பிடித்து இழுக்கும். இங்கே கடைகளில் இருக்கும் படகுகளில் பல ஆறடி, 85 கிலோ ஆட்களை நினைத்துச் செய்தவை. நம்மில் பலர் அந்த அளவில் இல்லை. ஒரே மாடல் சின்ன அளவிலும் பெரிய அளவிலும் வருகிறதா என்று கேளுங்கள். டேகர் ஸ்ட்ராடோஸ் 14.5 அப்படி இரண்டு அளவில் வந்த படகு. ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ளவர் பெரிய அளவில் உட்கார்ந்தால் பக்கவாட்டு விளிம்பில் முழங்கை இடித்துக்கொண்டே துடுப்புப் போடுவார்.

படி 2: மூட்டையோடு கடைக்குப் போங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். விவரத்தாளில் 'பின் அறை 110 லிட்டர்' என்று இருக்கும். லிட்டர் கணக்கு சரிதான், ஆனால் அதற்குள் போகும் வழி எவ்வளவு என்பதுதான் விஷயம். அறையின் வாயை ஹேட்ச் என்பார்கள். பல படகுகளில் முன் ஹேட்ச் வட்டம், 24 செ.மீ. விட்டம். பின்னால் நீள்வட்டம், 44-க்கு 26 செ.மீ. சுற்றி இருக்கும் உதட்டைக் கழித்தால் இன்னும் குறையும். நீங்கள் கொண்டுபோகும் எல்லாமே இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

கனோக்காரர்கள் தோளில் மாட்டும் 30 லிட்டர் நீலப் பீப்பாயை மறந்துவிடுங்கள், எந்த ஹேட்ச்சிலும் நுழையாது. கரடிக்குப் பயந்து வாங்கும் கடினமான பிளாஸ்டிக் டப்பாக்களில் பெரியது சுமார் 22 செ.மீ. விட்டம். பின் ஹேட்ச்சில் போகும், முன்னால் திணறும். நுழைந்தபிறகு உள்ளே புரட்ட இடம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. வீட்டு 3 லிட்டர் குக்கரும் வராது. பானை நுழைந்தாலும் கைப்பிடி நிற்கும். (சோறு இல்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு: வறுத்த ரவை, அவல், வீட்டில் கிளறிய புளிக்காய்ச்சல். மூன்று நாள் தாராளமாக ஓடும்.)

அதனால் உங்கள் சாமான் அத்தனையையும் பைகளில் கட்டி, காரில் போட்டு, கடைக்கு எடுத்துப் போங்கள். "ஏற்றிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் அடுத்த கடை.

ஏற்றும்போது பார்க்க வேண்டியது இதுதான். 20 லிட்டர் பை இரண்டைவிட 8, 10 லிட்டர் பைகள் ஐந்து நன்றாக அடங்கும். மூக்குப் பக்கம் குறுகிக்கொண்டே போகும் அறைக்கு, ஒரு முனை குறுகிய பை ஒன்று வேண்டும். அதன் வாயில் ஒரு முழக் கயிறு கட்டி, நுனியை ஹேட்ச் பக்கமே விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் இறங்கும் இடத்தில் தலைகுப்புறக் கவிழ்ந்து கைவிட்டுத் துழாவ வேண்டியதுதான். கூடாரக் கம்பியைத் துணியிலிருந்து பிரித்துத் தனியாகச் செருகுங்கள். சுருட்டும் ரப்பர் மெத்தை நுழையாது, காற்றடிக்கும் மெத்தைதான் சரி. தண்ணீர், சாப்பாடு போன்ற கனமானவை உங்கள் முதுகுக்கு நேர் பின்னால், சாமான் அறைக்குள் தண்ணீர் புகாமல் மறிக்கும் தடுப்புச்சுவரை ஒட்டி, அடியில் வர வேண்டும். முன்பக்கம் கனத்தால் படகின் மூக்கு காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் ஒரு மயிரிழை கனமாக இருப்பது தேவலை.

எல்லாம் ஏற்றியபிறகு ஒரு பையாவது வெளியே மிச்சம் இருந்தால், "மேலே டெக்கில் கட்டிக்கலாம்" என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். டெக்கில் மூட்டை கட்டினால் காற்றும் பிடிக்கும், கவிழ்ந்தால் திரும்ப ஏறவும் விடாது.

படி 3: உட்காருங்கள், அரை மணி நேரம்

தண்ணீரில் போடப்போகும் காலணியோடு, லைஃப் ஜாக்கெட்டோடு உட்காருங்கள். ஐந்து இடம் படகைத் தொட வேண்டும்: பாதம், தொடை, இடுப்பு, பின்புறம், கீழ்முதுகு. இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் என்றால் நுரைத்தக்கை ஒட்டிக் குறைக்கலாம். இறுக்கமாக இருந்தால் குறைக்க வழியில்லை.

பத்து நிமிடத்தில் கால் மரத்தால் அது பெரும்பாலும் கால்மிதி கிட்டே இருப்பதாலோ, இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்துவதாலோ வரும். மாற்றிப் பாருங்கள். மாற்றியும் மரத்தால் அந்தப் படகு வேண்டாம், தண்ணீரில் பழகிவிடும் என்பதெல்லாம் கிடையாது. சோபா மாதிரி உயர்ந்த முதுகு வைத்த இருக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்ப்ரே ஸ்கர்ட் (உட்காரும் இடத்தின் வாயை உங்கள் இடுப்போடு சேர்த்து மூடும் துணி) மாட்டும்போதும் கவிழ்ந்தபின் பின்புறமாகச் சாய்ந்து ஏறும்போதும் அது இடிக்கும். கீழ்முதுகைத் தாங்கும் பட்டை போதும்.

படி 4: இப்போது நீளம்

14 அடியிலிருந்து 15 அடி, அகலம் 22 முதல் 24 அங்குலம். தொடங்குபவருக்கு என் பதில் அவ்வளவுதான். நீளம் கூடினால் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் அந்த வேகம் உங்கள் கைக்கு எட்ட வேண்டும். 14 அடி நீர்மட்ட நீளமுள்ள படகின் எல்லை மணிக்கு 9 கி.மீ.க்குச் சற்று மேல். மூட்டையோடு நாள் முழுக்கப் போகும்போது நாம் போவது 5, 6 கி.மீ. அந்த வேகத்தில் 17 அடிப் படகு தரும் லாபம் சொற்பம். காரின் கூரையில் ஏற்றும்போது அதன் நஷ்டம் மட்டும் நன்றாகத் தெரியும்.

இதைவிட முக்கியம், முன்னும் பின்னும் இரண்டு தடுப்புச்சுவர்கள் இருக்கின்றனவா என்பது. 10, 12 அடி பொழுதுபோக்குப் படகுகளில் பெரும்பாலும் பின்னால் மட்டும்தான் இருக்கும். அது கவிழ்ந்தால் முன்பகுதி முழுக்கத் தண்ணீர் ஏறி மூக்கு மூழ்கும். நடு ஏரியில் நீங்களே இறைத்து மீள்வது நடக்காத காரியம். விலை மலிவு என்று அதில் முகாம் சாமானை ஏற்றாதீர்கள்.

அப்புறம் ஸ்கெக்கா சுக்கானா என்ற சண்டை. ஓடும் கயாக்கின் முன்பகுதியைத் தண்ணீர் அழுத்திப் பிடித்திருக்கும், பின்பகுதி இளகி இருக்கும். பக்கக் காற்று அந்தப் பின்பகுதியைத் தள்ள, மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பும். பிலிப் எட்வர்ட் தீவின் தெற்குக் கரை திறந்த விரிகுடாவைப் பார்த்திருப்பது. அங்கே தென்மேற்குக் காற்றில் ஒரு பக்கமே துடுப்புப் போட்டுத் தோள் கழன்றுவிடும். ஸ்கெக் என்பது பின்னால் அடியில் இறங்கும் சின்னத் தகடு, திரும்பாது. சுக்கான் பின்முனையில் தொங்கும், காலால் திருப்பலாம்.

நான் ஸ்கெக் கட்சி. கால்மிதி அசையாமல் உறுதியாக இருக்கும், வெளியே உடைய எதுவும் இல்லை. ஆனால் நியாயமாகச் சொன்னால் அந்தத் தகடு உள்ளே ஏறி நிற்கும் பெட்டி பின் அறையின் நடுவில் சுவர் போல நின்று இடத்தைத் தின்னும். கூழாங்கல் கரையில் இறங்கினால் கல் சிக்கித் தகடு வெளியே வராது. தகட்டின் நுனியில் சின்னத் துளை போட்டு ஒரு சாண் கயிறு கட்டிவிட்டால் கூட வருபவர் பிடித்து இழுத்துவிடலாம். நிறைய சாமான் ஏற்றுகிறவர் என்றால் சுக்கான் வாங்குங்கள், கோபிக்க மாட்டேன்.

படி 5: எதில் செய்தது

பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வாங்குங்கள். கனம் அதிகம், 24 முதல் 28 கிலோ வரும், ஆனால் ஜார்ஜியன் விரிகுடா முழுக்கப் பாறை. இழுத்தாலும் இடித்தாலும் தாங்கும். தனியாகத் தூக்க முடியாது என்றால் தெர்மோஃபார்ம் படகு (பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் வார்த்தது) நல்ல நடுவழி, சில கிலோ குறையும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் டெல்டா அந்த வகையில் பெயர் பெற்றது. ஃபைபர்கிளாஸ், கெவ்லார் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

படி 6: பழைய படகு என்றால்

முதல் படகைப் பழையதாக வாங்குவதுதான் என் கட்சி. தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு முனையில் கண்ணை வைத்து அடிப்புறம் நேராக இருக்கிறதா பாருங்கள். வெயிலில் கூரையில் இறுக்கிக் கட்டியதால் குழி விழுந்திருக்கலாம். சின்னக் குழி வெயிலிலோ வெந்நீரிலோ எழும்பிவிடும். கீறலுக்குப் பயப்பட வேண்டாம். நிறம் வெளுத்துச் சுண்ணாம்பு போல் கையில் ஒட்டினால் பயப்படுங்கள். ஹேட்ச் ரப்பரை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் புதிது வாங்கும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். ஸ்கெக் கம்பி மடங்கி இருக்கிறதா, ஏற்றி இறக்கிப் பாருங்கள். பின்முனையில் வலப்பக்கம் பதித்திருக்கும் 12 இலக்க அடையாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. விற்பவர் சொல்லும் வயதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

கடைசியாக, ஒரு வாளித் தண்ணீரைப் பின் அறையில் ஊற்றி, மூடி, படகை முன்பக்கம் சாயுங்கள். நடுவில் உட்காரும் இடத்துக்குத் தண்ணீர் தாராளமாக வந்தால் தடுப்புச்சுவரின் ஓரம் விட்டிருக்கிறது. மரைன் சீலன்ட் ஒரு குழாயில் சரியாகும் வேலைதான், ஆனால் விலையைக் குறைக்க நல்ல காரணம்.

வாங்கியதும்

முதல் முகாமுக்கு முன் ஆழமில்லாத இடத்தில், ஆள் துணையோடு வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியே வந்து பழகுங்கள். ஸ்கர்ட்டின் இழுவளையம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். மே மாதத்தில் போகாதீர்கள். வெயில் சுள்ளென்று அடிக்கும், தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும், விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சு அடைக்கும். கனடா சட்டப்படி லைஃப் ஜாக்கெட்டோடு, 15 மீட்டர் மிதக்கும் கயிறு, விசில், தண்ணீர் இறைக்கப் பம்ப் அல்லது டப்பா படகில் இருக்க வேண்டும்.

படகில் மிச்சம் பிடித்த பணத்தைத் துடுப்பில் போடுங்கள். 220 முதல் 230 செ.மீ., ஃபைபர்கிளாஸ். அலுமினியத் தண்டு மலிவு, ஆனால் கனம், குளிரில் கையும் விறைக்கும்.

பிற்சேர்க்கை: காண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருப்பவர்கள் சிலர், படகை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். 14 அடிப் படகு லிஃப்டில் ஏறாது, பால்கனியில் நிர்வாகம் விடாது. மெரினாக்களில் அடுக்குத்தட்டு வாடகைக்குக் கிடைக்கும், படகு வாங்கும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள். இல்லையென்றால் கிளம்பும் இடத்திலேயே வாடகைக்கு எடுங்கள். மேலே சொன்ன எல்லாச் சோதனையும் வாடகைப் படகுக்கும் பொருந்தும்.

இன்னொன்று: வாளிச் சோதனை செய்துபார்த்த ஒருவர், தடுப்புச்சுவரின் மேல்பகுதியில் குண்டூசி அளவு ஓட்டை இருக்கிறது, சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். அது ஓட்டை இல்லை, வேண்டுமென்றே போட்டது. வெயிலில் அறைக்குள் காற்று விரியும், குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் சுருங்கும். போக வழியில்லாவிட்டால் மூடி பிய்த்துக்கொள்ளும், அல்லது தடுப்புச்சுவரே ஓரம் விடும். ஒரு ஊசியைக் காய்ச்சி அதே இடத்தில் குத்தித் திறந்துவிடுங்கள்.