கடலை எண்ணெய் முறுக்குக்கு வைட்டமின் ஈ சேர்ப்பது எப்படி

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு அடுப்பு எரியும். ஒன்றில் தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் வறுவல், இன்னொன்றில் கடலை எண்ணெயில் முறுக்கு. வறுவல் பாலக்காட்டுப் பக்கம் போகும். முறுக்கு கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போகும்.

ஒரு சித்திரையில் முறுக்கு மட்டும் நாற்பது பாக்கெட் திரும்பி வந்தது. பிரித்தால் பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி சிக்கு வாடை. பக்கத்து வீட்டுச் சேச்சி முகர்ந்து பார்த்து, "கனச்சு போயி" என்றார். வைட்டமின் ஈ போட்டால் எண்ணெய் கெடாது என்று யாரோ சொல்ல, மருந்துக்கடையில் பச்சை கேப்சூல் வாங்கி, ஊசியால் குத்தி டின்னில் பிழிந்தேன். அடுத்த முறையும் அதே வாடை.

உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் அண்ணன் மகள்தான் காரணம் சொன்னாள். "அத்தை, கேப்சூலில் இருப்பது டோகோபெரில் அசிடேட். அது வயிற்றுக்குள் போய்ப் பிரிந்தால்தான் வேலை செய்யும். எண்ணெயில் சும்மா கிடக்கும்." எண்ணெயைக் காற்று அரிக்கும்போது அதற்கு முன்னால் தன்னைக் கொடுத்து அந்த அரிப்பை நிறுத்துவது டோகோபெரால், அதாவது எதோடும் கட்டுப்படாத வைட்டமின் ஈ. அசிடேட்டில் அந்தக் கொடுக்கிற முனையே அடைபட்டிருக்கிறது. அதனால் கேப்சூலை எண்ணெயில் பிழியாதீர்கள்.

கேட்டு வாங்க வேண்டியது 'மிக்ஸ்டு டோகோபெரால்', உணவுத் தரம். செம்பழுப்பாக, தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். பெரும்பாலும் சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. லேபிளில் ஆன்டிஆக்சிடன்ட் 307பி என்று வரும். ஐரோப்பாவில் 306 முதல் 309 வரை எண்கள் இந்தக் குடும்பத்துக்குத்தான். இதில் உள்ள காமா, டெல்டா வகைகள் எண்ணெயைக் காப்பதில் கெட்டி. உடம்புக்கு வைட்டமினாக உதவுவது முக்கியமாக ஆல்ஃபா.

அளவு சொல்கிறேன். கிலோ எண்ணெய்க்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 15 கிலோ டின்னுக்கு 4.5 கிராம். நாம் வாங்கும் சரக்கு 50 சதவீத வீரியம் என்றால் 9 கிராம் எடுக்க வேண்டும். கரண்டிக் கணக்கு வேண்டாம், நகைக்கடைத் தராசு மாதிரி சின்னது ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, இதைக் கரைத்து, அப்புறம் டின்னில் ஊற்றிக் கலக்குங்கள். டின் புதிதாகத் திறந்ததாக இருக்க வேண்டும். சிக்கு அடித்த எண்ணெயை இது மீட்காது. கொஞ்சம் கூட இருக்கட்டுமே என்று ஊற்றவும் கூடாது. அளவு மீறினால் ஆல்ஃபா வகை எண்ணெயைக் காக்காமல் கெடுக்கவே தொடங்கும்.

பொரிக்கிற சூட்டில் ஒரு பங்கு அழிந்துபோகும். அதனால் மசாலாக் கடலைக்கு நான் வேறு வழி வைத்திருக்கிறேன்: வறுத்து ஆறியபின் மிளகாய்ப்பொடி ஒட்ட விடும் எண்ணெயிலேயே கரைத்துப் பிசிறுவேன். சூடு படாததால் முழுசாக நிற்கும்.

தேங்காய் எண்ணெய் வறுவலுக்கு நான் போடுவதில்லை. அந்த எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, காற்றால் சீக்கிரம் அரிக்கப்படாது. அதைக் கெடுப்பது ஈரம். காயைச் சீவி நீர் வடியவிட்டு, வறுவல் முழுக்க ஆறியபின் கட்டினால் போதும்.

இது கலந்ததைச் சாப்பிடலாமா என்று கடைக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 100 கிராம் முறுக்கில் 25 கிராம் எண்ணெய் என்றே வைப்போம். ஒன்றும் அழியாமல் நின்றாலும் 7.5 மில்லிகிராம்தான். பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வைட்டமின் ஈ தேவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்கு வைத்த உச்சவரம்பு 300. கவனம் வேண்டியது தினமும் 400 மில்லிகிராம் கேப்சூல் விழுங்குபவர்களுக்கு, அதிலும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கேப்சூல் எடுக்கக் கூடாது.

விற்கிறவர்கள், உங்கள் பண்டத்துக்கு இது அனுமதியா, எவ்வளவு வரை என்று உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டால் லேபிளில் எழுதுங்கள்.

கண்ணாடிக் கவரில் அடைத்துக் கடை வாசலில் வெயில் படத் தொங்கவிட்டால் இத்தனையும் வீண். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் எண்ணெய் வைத்தாலும் அப்படித்தான்; செம்பு பட்டால் சிக்கு விரைந்து வரும்.

முதல் தடவை ஒரே மாவில் இரண்டு ஈடு போடுங்கள், ஒன்று டோகோபெரால் கலந்த எண்ணெயில், மற்றது கலக்காததில். ஒரே அலமாரியில் வைத்து, தேதி எழுதி, வாரம் ஒரு பாக்கெட்டாகப் பிரித்து முகருங்கள். காலையில், காப்பி குடிக்கும் முன்னால். அப்போதுதான் மூக்குக்குச் சரியாகத் தெரியும்.