‘வெறும் தியரிதானே?’ என்று கேட்பவரோடு வாதாடும்போது நாம் விடும் பிழைகள்

குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் யாராவது ‘டார்வின் சொன்னது வெறும் தியரிதானே’ என்று ஒரு வீடியோவைத் தட்டிவிட்டால் போதும், அன்றிரவு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை எல்லோரும் விஞ்ஞானிகள்தான். உயிர்களையெல்லாம் கடவுள் இப்படியே படைத்தார் என்று படைப்புவாதம் பேசுபவர்களின் பிழைகளைப் பட்டியல் போட ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவலை கூர்ப்புக்காக (பரிணாமம், அதாவது உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வந்தன என்பதற்காக) வாதாடுகிற எங்கள் பக்கத்தைப் பற்றித்தான். சரியான பக்கத்தில் நின்றுகொண்டு பிழையான பதில் சொன்னால், பேசாமல் வாசித்துக்கொண்டிருக்கும் மற்ற நாற்பது பேருக்கும் விளங்குவது அந்தப் பிழையான பதில்தான்.

இதில் மோசமானது, ‘தியரி இல்லை, அது நிரூபணமான விதி’ என்று துள்ளுவது. கருதுகோள் (சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகம்) வளர்ந்து கொள்கையாகும் (தியரி), கொள்கைக்குப் பதவி உயர்வு கிடைத்தால் விதியாகும் என்று எங்கள் மண்டையில் எப்படியோ ஏறியிருக்கிறது (டியூஷன் நோட்ஸின் புண்ணியமோ தெரியாது). அப்படி ஓர் ஏணியே கிடையாது. விதி என்பது என்ன நடக்கிறது என்று சொல்வது, பெரும்பாலும் ஒரு சமன்பாட்டில் அடங்கிவிடும். கொள்கை என்பது அது ஏன் அப்படி நடக்கிறது என்று, ஏராளமான அவதானிப்புகளையும் விதிகளையும் ஒன்றாகக் கோத்து விளக்குவது. நோய்களுக்குக் கிருமிகள் காரணம் என்பதும் கொள்கைதான், பொருளெல்லாம் அணுவால் ஆனது என்பதும் கொள்கைதான், அவை விதியாக மாறக் காத்துக்கொண்டிருக்கவில்லை. இன்னும் சொன்னால், விதியையே கொள்கை திருத்திய கதை இருக்கிறது. நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி கணக்குப் போட்டால் புதன் கோளின் பாதை சரியாக வரவில்லை, நூறு வருடத்துக்கு ஒரு பாகையை 3600ஆகப் பிரித்ததில் 43 பங்கு உதைத்தது. அந்தச் சின்ன வித்தியாசத்தை 1915ல் தீர்த்துவைத்தது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கை. ‘வெறும்’ என்று சொல்பவருக்கு இந்த ஒரு கதை போதும்.

‘நூறு வீதம் நிரூபணமாகிவிட்டது’ என்று எழுதுவதும் வேண்டாம். கணிதத்தில்தான் அப்படி நிரூபிக்கலாம். நீங்கள் அப்படி எழுதிய அடுத்த நிமிடமே பில்ட்டவுன் மனிதன் வந்து விழும்: 1912ல் இங்கிலாந்தில் மனிதனுக்கும் குரங்குக்கும் இடைப்பட்டது என்று காட்டப்பட்ட மண்டையோடு, 1953ல் மோசடி என்று தெரியவந்தது. உண்மைதான், ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கண்டுபிடித்தது யார்? எலும்பு மண்ணில் எவ்வளவு காலம் கிடந்தது என்பதைக் காட்டும் புளோரைனை அளந்து பார்த்த விஞ்ஞானிகள். மற்ற உயிர்ச்சுவடுகளோடு (பாறையிலும் மண்ணிலும் எஞ்சிய பழைய உயிர்களின் தடயங்களோடு) அது ஒத்துப்போகாமல் நின்றதே சந்தேகத்தை வளர்த்தது.

‘அப்போ ஏன் இன்னும் குரங்கு இருக்கிறது?’ என்ற கேள்விக்கு, இன்றைய குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்பதை ஏற்றுக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினால் தொலைந்தீர்கள். உங்கள் மச்சானுக்கும் உங்களுக்கும் ஒரே தாத்தா இருக்கலாம், அதற்காக மச்சான் உங்களைப் பெற்றவர் ஆகிவிடுவாரா? சிம்பன்சி எங்களுக்கு மச்சான் முறை, அவ்வளவுதான்.

எங்கள் ஆட்கள் விரும்பி எடுக்கும் உதாரணம் நுளம்பு. டிடிடி மருந்தை அடித்து அடித்து 1963ல் இலங்கை முழுவதும் மலேரியா நோயாளர் 17 பேர் என்ற நிலைக்கு வந்தோம். பிறகு தெளிப்பதைக் குறைத்ததும் நோய் பெருமளவில் திரும்பியது. மறுபடியும் தெளித்தபோது நுளம்புகள் டிடிடிக்குப் பழகியவையாக இருந்ததால், 1970களில் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாற வேண்டி வந்தது. ‘பழகியவை’ என்று எழுதிவிட்டேன், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் எந்த நுளம்பும் பழகவில்லை. மருந்தைத் தாங்கக்கூடிய சில நுளம்புகள் தப்பிப் பெருகின, மற்றவை செத்துப்போயின. இயற்கைத் தேர்வுக்கு நல்ல உதாரணம், சந்தேகமில்லை. ஆனால் இதோடு நிறுத்தினால் எதிரே இருப்பவர் சிரித்துக்கொண்டே ‘நுளம்பு நுளம்பாகத்தானே இருக்கிறது’ என்பார். அவர் கேட்பது சின்ன மாற்றம் பற்றியல்ல.

அங்கேதான் டிக்டாலிக் என்ற மீனின் உயிர்ச்சுவடு தேவைப்படுகிறது. மீன்களிலிருந்து நாலுகால் விலங்குகள் வந்திருந்தால், இடைப்பட்ட வடிவம் சுமார் 37 கோடியே 50 இலட்சம் வருடப் பழமையான, ஆழமில்லாத நீரில் படிந்த பாறைகளில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து, அப்படிப்பட்ட பாறைகளைத் தேடிக் கனடாவின் வடதுருவத் தீவுக்குப் போய், 2004ல் அதை எடுத்தார்கள். செதிலும் செட்டையும் மீனுடையது, கழுத்தும் மணிக்கட்டு எலும்புகளும் நாலுகால் விலங்கை ஒத்தவை. எங்கே தோண்ட வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஒன்றை வெறும் ஊகம் என்று தள்ள முடியாது. ஆனால் இதையும் ‘விடுபட்ட கண்ணி கிடைத்துவிட்டது, இதுதான் எங்கள் மூதாதை’ என்று ஊதிப் பெருப்பிக்க வேண்டாம். போலந்தில் அதைவிடப் பழைய பாறைகளில் நாலுகால் விலங்கின் காலடித் தடங்கள் எனப்படுபவை கிடைத்து 2010ல் அறிவிக்கப்பட்டன. டிக்டாலிக் நேரடி மூதாதை என்று நீங்கள் எழுதியிருந்தால் அதோடு மாட்டிக்கொள்வீர்கள். இடைப்பட்ட உடலமைப்பு கொண்ட உறவினர் என்று எழுதியிருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

மதத்தை இழுப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் குழுமங்களில் சைவர், கத்தோலிக்கர், பெந்தகோஸ்தே சபைக்காரர், முஸ்லிம்கள் எல்லோரும் இருப்பார்கள், ‘கடவுளை நம்புகிறவன் முட்டாள்’ என்று தொடங்கினால் அன்றைய வாதம் அங்கேயே முடிந்தது. 1995ல் காலிமுகத்திடலில் திருப்பலி ஒப்புக்கொடுத்த பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், அடுத்த வருடமே கூர்ப்புக் கொள்கை கருதுகோளுக்கும் மேலானது என்று எழுதினார். கத்தோலிக்க நண்பரிடம் இதைச் சொன்னால் கேட்பார்.

இதற்கு நேர்மாறான பிழை சைவ வீடுகளில் நடக்கும்: ‘தசாவதாரமே கூர்ப்புதான், மீன், ஆமை, பன்றி, பிறகு மனிதன், எங்கள் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.’ சொல்பவர் கூர்ப்புக்கு ஆதரவாகத்தான் பேசுகிறார், ஆனால் கூர்ப்பைப் பேசவில்லை. டார்வின் எழுதிய பிறகு பொருத்திப் பார்த்த வரிசை அது, அதை வைத்து எந்தப் பாறையில் எதைத் தேடுவது? அவதாரக் கதைக்கு அதன் சொந்தப் பெருமை போதும்.

அப்புறம், ஒரே வொய்ஸ் மெசேஜில் பத்துக் கேள்வி வரும்: கண் எப்படி வந்தது, பெருவெடிப்புக்கு முன் என்ன, முதல் உயிர் எங்கிருந்து. பத்துக்கும் பதில் எழுத உட்காராதீர்கள். ஒன்றை எடுத்து முழுதாகச் சொல்லுங்கள். பெருவெடிப்பு பௌதிகவியலில் வேறு கதை. முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் கேள்வி, அதை அப்படியே சொல்லிவிடலாம், தெரிந்த மாதிரி அடித்துவிடத் தேவையில்லை.

நீளமாக இழுபடுகிறது என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘எதைக் காட்டினால் உங்கள் எண்ணம் மாறும்?’ 2014ல் அமெரிக்காவின் கென்டக்கியில் தொலைக்காட்சியில் விஞ்ஞானம் சொல்லிப் பேர்பெற்ற பில் நையும் படைப்புவாதி கென் ஹாமும் மேடையில் வாதாடியபோது இதே கேள்வி வந்தது. தேவ வார்த்தை உண்மையில்லை என்று யாரும் தன்னை நம்பவைக்க முடியாது என்றார் ஹாம். ஒரேயொரு சான்று போதும், பிழையான பாறைப் படையில் ஓர் உயிர்ச்சுவடு கிடைத்தாலும் சரி என்ற மாதிரிச் சொன்னார் நை. உங்கள் குழுமத்தில் ‘எதைக் காட்டினாலும் மாறாது’ என்று பதில் வந்தால் சரி என்று விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் கேட்பதற்கு முன் உங்களிடமும் ஒரு பதில் தயாராக இருக்கட்டும், அவர் கட்டாயம் திருப்பிக் கேட்பார்.